பொட்டலத்தில் நான் சேர்த்த வரி

‘சர்க்கரை நோயாளிகளுக்கு உகந்தது.’ இந்த வரியை எழுதியவள் நான். அரூரில் எங்கள் மகளிர் குழு செய்து விற்ற கேழ்வரகு முறுக்கிலும், சாமைத் தட்டையிலும், தினை உருண்டையிலும் இது பச்சை எழுத்தில் இருந்தது. குழுவில் வேறு யாரும் இதைப் போடச் சொல்லவில்லை. அச்சகத்தில் லேபிள் மாதிரியைக் காட்டினார்கள். கீழே கொஞ்சம் இடம் காலியாக இருந்தது. நானாகச் சொல்லி இந்த வரியைச் சேர்த்தேன். அது உண்மையா என்று எந்த மருத்துவரிடமும் கேட்கவில்லை. பிறகு அது உண்மையில்லை என்று தெரிந்தது. தெரிந்த பிறகும் அந்த வரியோடுதான் விற்றேன்.

தெரியாமல் செய்தேன் என்று சொன்னால் அது பாதிதான். மீதிப் பாதியை மறைக்காமல் சொல்கிறேன். படிப்பவர்கள் தீர்ப்புச் சொல்லட்டும்.

எங்கள் பக்கத்தில் கேழ்வரகு புதிதல்ல. களி தின்று வளர்ந்த ஊர் இது. சித்தேரி மலையிலிருந்து சாமை இறங்கி வரும். 2023-ஐ ஐக்கிய நாடுகள் சபை சிறுதானிய ஆண்டாக அறிவித்தது. அந்த ஆண்டு மே மாதம், எங்கள் தர்மபுரியிலும் நீலகிரியிலும் ரேஷன் கடைகளில் 2 கிலோ அரிசிக்குப் பதிலாக 2 கிலோ கேழ்வரகு கொடுக்கத் தொடங்கினார்கள். எங்கே போனாலும் சிறுதானியப் பேச்சு. கண்காட்சிகளில் எங்கள் குழுவுக்கு மேசை போட்டுக் கொடுத்தார்கள். மைக்கை என் கையில் கொடுத்தார்கள். “நம்ம பாட்டிங்க களி தின்னாங்க, சுகர்னா என்னன்னே தெரியாம வாழ்ந்தாங்க” என்பேன். கை தட்டுவார்கள். அந்தக் கைதட்டல் எனக்குப் பிடித்திருந்தது. அதற்காகவே திரும்பத் திரும்பச் சொன்னேன்.

என் பாட்டி விடிந்ததிலிருந்து பொழுது சாயும்வரை காட்டில் களை வெட்டியவள். இதை நான் மேடையில் சொன்னதில்லை. களியோடு அவள் தின்றது கொள்ளுக் கடைசல், கீரை, காட்டு ஓரத்து அவரை. முறுக்கும் உருண்டையும் அவளுக்குப் பண்டிகை நாளில்தான். நான் பாட்டியின் பெயரைச் சொன்னேன். விற்றது பண்டிகைப் பலகாரத்தை.

என் வீட்டுக்காரருக்குச் சர்க்கரை உண்டு. விரலில் குத்திப் பார்க்கிற கருவி வீட்டிலேயே இருக்கிறது. அவர் ஒழுங்கானவர். எந்த நாள், எந்த வேளை, எவ்வளவு என்று ஒரு நோட்டில் எழுதுவார். மாதம் ஒரு முறை அதை மருத்துவரிடம் காட்டுவார். ஒரு நாள் சாயந்திரம் டீயோடு எங்கள் தினை உருண்டை இரண்டும், ஒரு கை முறுக்கும் கொடுத்தேன். இரண்டு மணி நேரம் கழித்து அவர் குத்திப் பார்த்தார். 250-ஐத் தாண்டியிருந்தது. கருவி கோளாறு என்றேன். இன்னொரு விரலில் குத்தினார். அதேதான்.

“மத்தியானம் நீங்க சோறு அதிகமா சாப்பிட்டுட்டீங்க” என்றேன். அவர் அதிகமாகச் சாப்பிடவில்லை. பரிமாறியவள் நான், எனக்குத் தெரியும். அவர் நோட்டை எடுத்தார். “இத எழுத வேணாம், தப்பா காட்டியிருக்கு” என்று தடுத்தேன். என் பேச்சைக் கேட்டு அவர் எழுதவில்லை. அடுத்த முறை மருத்துவர் பார்த்த நோட்டில் அந்த எண் இல்லை. கட்டிய கணவரின் நோயையே என் லேபிளுக்காக மறைத்தேன்.

அன்றிலிருந்து அவருக்கு அந்த உருண்டையைக் கொடுக்கவில்லை. கேட்டால் தீர்ந்துவிட்டது என்பேன். டப்பாவில் இருக்கும். மற்றவர்களுக்கு விற்றுக்கொண்டிருந்தேன். இந்தக் கதையில் மிகக் கேவலமான இடம் இதுதான் என்று நினைக்கிறேன். என் வீட்டுக்கு எது ஆகாது என்று எனக்குத் தெரிந்திருந்தது. தெருவுக்கு அதையே மருந்தாகக் கொடுத்தேன்.

ஏன் நிறுத்தவில்லை? பயம். அரவை இயந்திரத்துக்கும் முறுக்குப் பிழியும் இயந்திரத்துக்கும் குழுவின் பேரில் வங்கிக் கடன் வாங்கியிருந்தோம். தீபாவளி ஆர்டர் வந்திருந்தது. அந்த ஒரு வரியால்தான் எங்கள் பொட்டலம் மற்ற பொட்டலங்களுக்கு முன்னால் வாங்கப்பட்டது. அதை எடுத்தால் எங்களுடையதும் பத்தோடு பதினொன்றாகிவிடும். கடனை அடைத்துவிட்டு எடுத்துவிடலாம் என்று எனக்கு நானே தவணை கொடுத்துக்கொண்டேன். கூடவே, மேடையில் பேசிய வாயால் மாற்றிப் பேசுவதற்குக் கூச்சம்.

எதிர்வீட்டில் ஒரு பெரியம்மா இருக்கிறார். இரத்த உறவில்லை, ஆனால் என் குழந்தைகளைக் குளிப்பாட்டி வளர்த்தவர். புளி மண்டியில் கூலி வேலை. நாள் முழுக்க உட்கார்ந்து ஓடு நீக்கி, நார் எடுத்து, கொட்டை தட்டுவார். கறி எடுப்பது மாரியம்மன் பண்டிகைக்கு மட்டும். முட்டை எப்போதாவது. காலையில் இட்லி, மத்தியானம் தூக்குப்போசியில் கட்டிய சோறு, இரவில் களி அல்லது மீதிச் சோறு. இடையில் பதினொரு மணிக்கும் நாலு மணிக்கும் பசி வரும். மண்டி வாசலில் கிடைப்பது டீயும் பன்னும், பொரியும், தட்டுவடையும். சர்க்கரை என்று சொல்லி மாத்திரை கொடுத்த பிறகு அந்தப் பன்னை நிறுத்தச் சொன்னார்கள். நிறுத்திவிட்டார். பசி நிற்கவில்லை.

ஒரு நாள் வாசலில் வந்து உட்கார்ந்து கேட்டார். “கண்ணு, கறி மீனு நான் தெனமும் தின்றதில்ல. வேலையில பசி தாங்கல. சுகர் ஏறாம என்னத்தத் தின்றது?”

நல்ல கேள்வி அது. சரியான ஆளிடம் கேட்டிருந்தால் சரியான பதில் கிடைத்திருக்கும். என்னிடம் கேட்டார். நான் உள்ளே போய் ஒரு பொட்டலம் முறுக்கும் ஒரு பொட்டலம் உருண்டையும் எடுத்து வந்தேன். லேபிளைத் திருப்பி அந்த வரியை விரலால் காட்டினேன். அவருக்குப் படிக்கத் தெரியாது. நானே படித்துக் காட்டினேன். காசும் வாங்கிக்கொண்டேன்.

“அப்ப ராத்திரி மாத்திரைய உட்டுடலாமா? வயித்தப் பெரட்டுது” என்றார்.

இந்த இடத்தில் நான் வாயை மூடியிருந்தாலும் போதும். “ராகியே மருந்துதான் பெரியம்மா” என்றேன்.

இதைச் சொன்னபோது என் வீட்டுக்காரரின் விரலில் கண்ட எண் என் நினைவில் இருந்தது. மறந்துபோய்ச் சொன்னேன் என்று யாரும் எனக்காக வாதாட வேண்டாம்.

வீட்டுக்கே மாத்திரை கொண்டு வரும் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டம் எங்கள் பக்கத்து மாவட்டத்தில்தான் தொடங்கியது. 2021 ஆகஸ்ட் 5-ல், கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில். அந்தத் திட்டத்தில் எங்கள் தெருவுக்கும் ஒரு பெண் மாத்திரை கொண்டு வருகிறார். பெரியம்மா வீட்டில் மாத்திரை மிச்சம் கிடப்பதை அவர்தான் முதலில் பார்த்தார். காரணம் கேட்டிருக்கிறார். பெரியம்மா என் பொட்டலத்தைக் காட்டியிருக்கிறார். அந்தப் பெண் நேரே என்னிடம் வந்தார். மரியாதையாகத்தான் பேசினார். “அக்கா, ராகியிலயும் மாவுதான் இருக்கு. உருண்டையில வெல்லமும் இருக்கு. மாத்திரைய நிறுத்தச் சொல்லாதீங்க” என்றார். “உங்களுக்கு மாத்திரை குடுக்கறது வேலை, அப்படித்தான் சொல்வீங்க” என்று முகத்தில் அடித்த மாதிரி பேசி அனுப்பினேன். அவர் என்னைவிட வயதில் சின்னவர். அவர் எனக்குப் பாடம் சொல்வதா என்ற எண்ணம். அன்று அவர் பேச்சை ஏற்றிருந்தால் பெரியம்மாவின் கால் தப்பியிருக்கலாம்.

அந்தப் பெண் சொன்னதற்குக் கணக்கு இருக்கிறது. ஹைதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2017-ல் வெளியிட்ட இந்திய உணவுப் பட்டியலில் யாரும் பார்க்கலாம். 100 கிராம் தீட்டிய அரிசியில் மாவுச்சத்து சுமார் 78 கிராம். கேழ்வரகில் சுமார் 67. சாமையில் 65-க்குக் கொஞ்சம் மேல். வெல்லத்தில் சுமார் 85. கேழ்வரகைக் குறை சொல்லவில்லை. அதில் நார்ச்சத்து 11 கிராம், அரிசியில் 3 கூட இல்லை. சுண்ணாம்புச்சத்து 364 மில்லிகிராம். எலும்புக்கு அதைப்போல் தானியம் வேறில்லை. ஆனால் சர்க்கரை உள்ளவருக்கு இரத்தத்தில் போய்ச் சேருகிற கணக்கில் அரிசிக்கும் அதற்கும் இடைவெளி பத்து, பன்னிரண்டு கிராம்தான். அதையும் நைஸாக அரைத்து, வெல்லப் பாகில் உருட்டினால் அந்த இடைவெளியும் போயிற்று. “உகந்தது” என்பதால் ஒன்றுக்கு நான்காகத் தின்பார்கள். பெரியம்மாவும் தின்றார்.

2025 செப்டம்பரில் நேச்சர் மெடிசின் இதழில் ஓர் ஆய்வு வந்தது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்துக்காகச் சென்னை மெட்ராஸ் நீரிழிவு ஆராய்ச்சி நிறுவனம் நாடு முழுக்க 1,21,000-க்கும் மேற்பட்டவர்களிடம் எடுத்தது. நாம் உண்ணும் ஆற்றலில் 62 சதவீதம் மாவுச்சத்திலிருந்து வருகிறது என்றது. தீட்டிய அரிசிக்குப் பதில் முழுக் கோதுமையோ சிறுதானியமோ மாற்றிக்கொள்வதால் மட்டும் நீரிழிவு அபாயம் குறைவதாகக் காணவில்லை என்றும் சொன்னது. மொத்த மாவுச்சத்தைக் குறைத்து, அந்த இடத்தில் பருப்பு, பால் வகைப் புரதத்தை வைத்தால்தான் பலன். செய்தித்தாளில் இதைப் படித்தபோது ஒரு கணம் எனக்கு ஆறுதலாக இருந்தது. அறிவியலே இப்போதுதானே சொல்கிறது, எனக்கு எப்படித் தெரியும் என்று. அந்த ஆறுதலுக்கு எனக்கு உரிமையில்லை. எனக்கு முன்பே தெரியும்.

பெரியம்மாவின் காலில் புளியம் ஓடு குத்தியது. அவருக்கு வலிக்கவில்லை. சர்க்கரை கூடிக் கிடந்தால் பாதத்தின் நரம்பு மரத்துப்போகும். குத்தியதே தெரியாமல் வேலைக்குப் போய்வந்தார். மகள் பார்த்தபோது விரல் கறுத்திருந்தது. மருத்துவமனையில் இரண்டு விரல்களை எடுத்தார்கள். வருஷக்கணக்காக இருந்த சர்க்கரை, செருப்பில்லாத நடை, நான் சொன்ன பேச்சு எல்லாம் சேர்ந்துதான் இப்படி ஆகும் என்று மருத்துவர் விளக்கினார். இதில் என் பங்கு எத்தனை என்று பிரித்துச் சொல்ல யாராலும் முடியாது. ஆனால் மாத்திரையை நிறுத்த வைத்தது நான். வேறு யாரும் இல்லை.

இப்போது அவரால் மண்டியில் குந்தி உட்கார முடியவில்லை. கூலி போயிற்று. வருஷம் தவறாமல் தீர்த்தமலை ஏறுவார், அதுவும் போயிற்று. மகள் திருப்பூரில் பனியன் கம்பெனி வேலையை விட்டுவிட்டு வந்திருக்கிறாள். வட்டிக்கு வாங்கித்தான் செலவு செய்தாள். பேரன் அங்கே படித்த பள்ளியை விட்டு நடு வருஷத்தில் இங்கே வந்து சேர்ந்தான்.

அவர் கேட்ட கேள்விக்குப் பதில் என் வீட்டைச் சுற்றியே இருந்தது. அது என்னை இன்னும் சுடுகிறது. வேர்க்கடலை எங்கள் செம்மண் காட்டில் மானாவாரியாக விளைகிறது. 100 கிராமில் மாவுச்சத்து 17 கிராம்தான், புரதம் 23-க்கு மேல். ஒரு கைப்பிடி, அதாவது 30 கிராம் எடுத்தால் மாவுச்சத்து 5 கிராம், புரதம் 7. வேகவைத்தோ வறுத்தோ தின்னலாம். வெல்லம் சேர்த்துக் கடலை மிட்டாய் ஆக்கினால் கெட்டது. பதினொரு மணிப் பசிக்கு ஒரு கைப்பிடி கடலையும் ஒரு டம்ளர் மோரும் போதும். தூக்குப்போசியோடு ஒரு சின்ன டப்பாவில் போகும். இரண்டு கீற்றுத் தேங்காய். அவர் மறுக்காத முட்டை இருக்கிறது, ஒன்றில் ஆறு கிராம் புரதம், மாவுச்சத்து இல்லை என்றே சொல்லலாம். முட்டையும் வேண்டாதவர்களுக்குப் பனீரை மிளகு போட்டு வாட்டலாம், காளானை வதக்கலாம். முருங்கைக் கீரையை வதக்கி வறுத்த கடலைப் பொடி தூவினால் அதுவே ஒரு தீனி. பூசணி விதை, வெள்ளரிப் பிஞ்சு, நெல்லிக்காய்.

கொள்ளுச் சுண்டலையும் மொச்சைச் சுண்டலையும் தனியாகச் சொல்ல வேண்டும். கேழ்வரகுக் காட்டில் ஊடுபயிராக அவரை போடுகிற ஊர் இது. பயறு எல்லாம் நல்லதுதான். ஆனால் கொள்ளிலும் 100 கிராமுக்கு மாவுச்சத்து 57 கிராம் இருக்கிறது, புரதம் சுமார் 22. வெந்தால் ஊறிப் பெருகும், நாரும் புரதமும் சேர்ந்து மெதுவாக ஏறும். ஆகவே ஒரு சின்னக் கிண்ணம் சரி. சுண்டல்தானே என்று தட்டு நிறையத் தின்றால் சரியில்லை. இதை இப்படி அளவோடு சொல்வதற்கு எனக்கு ஒரு பெரியம்மாவின் கால் தேவைப்பட்டது.

மரவள்ளிக் கிழங்கைப் பற்றியும் பலர் ஏமாறுகிறார்கள். எங்கள் பக்கம் விளைந்து சேகோ ஆலைக்குப் போகிற கிழங்கு அது. பூமிக்கடியில் விளைவதால் காய்கறிக் கணக்கில் சேர்க்கிறார்கள். அது மாவு. ஜவ்வரிசி வடாமும் மரவள்ளிச் சிப்ஸும் அரிசிக்கு அண்ணன் தம்பி.

இதெல்லாம் அன்று எனக்குத் தெரியாதா? கடலையும் மோரும் எனக்குத் தெரியாதா? தெரியும். வேகவைத்த கடலை அன்றே தீர வேண்டும். பொட்டலம் போட முடியாது. லேபிள் ஒட்ட முடியாது. அதில் எங்களுக்குக் காசு இல்லை. பெரியம்மாவின் பசிக்கு எது நல்லது என்று நான் யோசிக்கவே இல்லை. என்னிடம் விற்க என்ன இருக்கிறது என்றுதான் யோசித்தேன்.

அவர் மருத்துவமனையிலிருந்து வந்த பிறகு போய் எல்லாவற்றையும் சொன்னேன். நோட்டில் எழுத விடாமல் தடுத்ததையும் சொன்னேன். பெரியம்மா கட்டிலில் உட்கார்ந்திருந்தார். நிதானமாகக் கேட்டார். பிறகு ஒன்றே ஒன்று கேட்டார்.

“அப்பறம் உங்க ஊட்டுக்காரருக்கு அதக் குடுத்தியா?”

“இல்ல பெரியம்மா” என்றேன்.

அவர் பேசவில்லை. மகள்தான் பேசினாள். “நீங்க அழுதுட்டுப் போயிடுவீங்கக்கா. நான் மாசாமாசம் வட்டி கட்டணும்.” வட்டியில் ஒரு பங்கை இப்போது நான் கட்டுகிறேன். இதைப் பெருமையாகச் சொல்லவில்லை. முழுதும் கட்ட முன்வரவில்லை என்பதையும் சேர்த்துத்தான் சொல்கிறேன். பெரியம்மா முன்போல் எங்கள் வீட்டுக்கு வருவதில்லை. வரச் சொல்லிக் கூப்பிட எனக்கு வாய் வரவில்லை.

குழுக் கூட்டத்தில் சொன்னபோது பெண்கள் திகைத்துப் போனார்கள். அந்த வரியை நம்பி அவர்களும் தங்கள் சொந்தக்காரர்களுக்கு விற்றிருந்தார்கள். உணவுப் பொருள் நோயைத் தடுக்கும், தீர்க்கும் என்று விளம்பரம் செய்யக் கூடாது என 2018-லேயே விதி வந்திருக்கிறது. பதிவுச் சான்றிதழ் வாங்கியபோது அதைப் படித்துப் பார்ப்பது தலைவி என்ற முறையில் என் வேலை. படிக்கவில்லை. தலைவி பொறுப்பை விட்டுவிட்டேன். புது லேபிளில் அந்த வரி இல்லை. கேழ்வரகு முறுக்கு இன்று வெறும் முறுக்காக விற்கிறது. விற்பனை குறைந்தது. கடன் தவணை எல்லோர் தலையிலும் விழுந்தது. ஒருத்தி குழுவை விட்டே போனாள். அவள் என்மேல் கோபப்பட்டதில் நியாயம் இருக்கிறது.

இன்னொன்றும் இருக்கிறது. வரியை எடுக்க முடிவு செய்த நாளில் கடைகளில் பழைய பொட்டலங்கள் இருந்தன. அவற்றைத் திரும்ப எடுக்கச் சொல்லிச் சிலர் கேட்டார்கள். நஷ்டத்துக்கு அஞ்சி, விற்றுத் தீரட்டும் என்று சொன்னவளும் நான்தான். பெரியம்மாவின் விரல் போன பிறகு சொன்னது அது.

அந்தப் பொட்டலங்கள் அரூர் பஸ் ஸ்டாண்டிலும், மொரப்பூர் ரயிலடியிலும், தீர்த்தமலை அடிவாரத்திலும் விற்றன. வாங்கியவர்களில் பலரை எனக்குத் தெரியாது. அதனால் இங்கே கேட்கிறேன். அந்தப் பச்சை எழுத்தை நம்பி யாராவது மாத்திரையைக் குறைத்திருந்தால், நிறுத்தியிருந்தால், நாளைக் காலையிலேயே ஆரம்ப சுகாதார நிலையத்துக்கோ அரசு மருத்துவமனைக்கோ போய் இரத்தம் பாருங்கள். காசு கேட்க மாட்டார்கள். இரண்டு பாதத்தையும் திருப்பி, விரல் இடுக்கு உட்பட, வீட்டில் யாரையாவது பார்க்கச் சொல்லுங்கள். மாவுச்சத்தைக் குறைக்கப் போகிறீர்கள் என்றால் அதையும் மருத்துவரிடம் முன்கூட்டியே சொல்லுங்கள். மாத்திரையும் ஊசியும் பழைய அளவிலேயே இருக்க, சாப்பாடு மட்டும் திடீரென்று குறைந்தால் சர்க்கரை ஒரேயடியாக இறங்கி, வேர்த்து, நடுங்கி, மயக்கம் வரலாம். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் கடலையும் பயறும் எவ்வளவு தின்னலாம் என்றும் கேட்டுக்கொள்ளுங்கள்.

மாத்திரையை ஏன் விட்டீர்கள் என்று அங்கே கேட்பார்கள். திட்டவும் செய்வார்கள். வெட்கப்பட்டு மறைக்காதீர்கள். பொட்டலம் வீட்டில் கிடந்தால் கையோடு எடுத்துப் போய்க் காட்டுங்கள். எங்கள் குழுவின் பெயர் அதில் இருக்கிறது. அந்த வரி யாருடையது என்று விசாரித்து வந்தால் குழுப் பெண்கள் என் வீட்டைக் காட்டுவார்கள்.